மாவு பொங்காத ஊரில் ஒரு மலக்குழி

2021 மே மாதம், ஊரடங்கு நேரம். கேரட் வாங்க வண்டி வரவில்லை, வேலையும் இல்லை. சரி, இதையாவது முடிப்போம் என்று கழிப்பறையின் பழைய குழி மூடியைக் கடப்பாரையால் நெம்பினேன். மூடி நாலு விரல் நகர்ந்ததுமே தெரிந்துவிட்டது, உள்ளே இருப்பது எரு இல்லை என்று. பக்கத்தில் நின்ற மகள் வீட்டுக்குள் ஓடினாள். அடுத்த அடுக்கில் பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த மாமா முண்டாசை அவிழ்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன மாப்ள, புதையல் எடுக்கிறியா?" என்றார்.

மேலே ஓர் ஆடை மாதிரி காய்ந்த படலம். மூங்கில் கம்பால் குத்தினால் அதன் கீழ் கறுப்புக் கூழ். கம்பை எடுத்த துளையில் குமிழ் வந்தது. மூடியைத் திரும்ப இழுத்து வைத்துவிட்டு, கம்பைத் தூரப் போட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து யோசித்தேன். குழியை மூடி 14 மாதம் ஆகியிருந்தது. மலம் மக்கி எருவாக ஓர் ஆண்டு போதும் என்று எங்கள் கைக்கு வந்த கழிப்பறைக் கையேட்டில் இருந்தது.

எங்கள் வீடு கொடைக்கானல் மலையில் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் நடுவில், ரோட்டிலிருந்து கீழே இறங்கும் அடுக்கு நிலத்தில் இருக்கிறது. பூண்டு, கேரட், உருளை, பீன்ஸ் போடுகிறோம். வீட்டில் நான், மனைவி, அம்மா, மகள். விவசாயம் போக மோட்டார் ரிப்பேர், பைப் வேலையும் பார்ப்பேன். கழிப்பறை 2016-ல் அரசுத் திட்டத்தில் கட்டியது. கொத்தனார் ஊர்க்காரர் இல்லை. ஒப்பந்தக்காரர் கீழேயிருந்து ஆள் கூட்டி வந்து நாலு நாளில் முடித்துவிட்டுப் போய்விட்டார்.

இரட்டைக் குழி முறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கழிப்பறைப் பேசினிலிருந்து வரும் குழாய் சேம்பர் என்கிற ஒரு சின்னத் தொட்டியில் விழும். சேம்பரிலிருந்து கவட்டை மாதிரி இரண்டு குழாய் பிரிந்து இரண்டு குழிக்குப் போகும். ஒரு வாயை அடைத்து வைத்து, ஒரு குழியை மட்டும் பயன்படுத்த வேண்டும். அது நிறைந்ததும் அடைப்பை மாற்றிப் போட்டு அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். முதல் குழி சும்மா கிடந்து மக்கும். குழிக்கு அடியில் தளம் கிடையாது. பக்கச் சுவரிலும் இடைவெளி விட்டிருப்பார்கள். தண்ணீர் மண்ணுக்குள் கசிந்து போய்விடும், வாயுவையும் மண்ணே வாங்கிக்கொள்ளும். கெட்டியானது மட்டும் தங்கும். செப்டிக் டேங்குக்கு லாரி வந்து உறிஞ்ச வேண்டும். எங்கள் வீட்டுக்குத் தலைச்சுமையாகத்தான் சிமெண்டே வந்தது, லாரி எங்கே வரும்? அதனால் இந்த ஊருக்கு இந்த முறைதான் சரி என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

குழி ஒவ்வொன்றும் மூன்றடி அகல சிமெண்ட் உறை நாலு அடுக்கியது. உறைக்கும் உறைக்கும் நடுவில் கல் சில்லு வைத்து அரை இஞ்ச் சந்து. கணக்குப் போட்டால் ஒரு குழி சுமார் 800 லிட்டர். ஒரு ஆள் ஒரு வருடத்தில் போகும் மலம் நூறு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். கசிந்தது, வாயுவாகப் போனது எல்லாம் கழிந்து குழியில் தங்குவது ஆளுக்கு வருடத்துக்கு 40 லிட்டர் என்றுதான் பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். நாலு பேருக்கு 160. ஆக ஐந்து வருடம் வந்திருக்க வேண்டும். எங்கள் முதல் குழி 2020 மார்ச்சில், மூன்றரை வருடத்திலேயே, பேசினில் தண்ணீர் திரும்பி வரும் அளவுக்கு நிறைந்துவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாயை மாற்றிவிட்டு மறந்துவிட்டேன்.

ஆக இரண்டு கேள்வி. ஏன் சீக்கிரம் நிறைந்தது? ஏன் மக்கவில்லை?

முதல் கேள்விக்குக் குற்றவாளி நான்தான். 2018-ல் துணி துவைக்கும் கல்லைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் மாற்றிப் போட்டேன். சோப்புத் தண்ணீர் முற்றத்தில் ஓடிச் சேறானது. மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் குழாய் இழுத்து அந்தச் சேம்பரிலேயே சேர்த்துவிட்டேன். பைப் வேலை பார்க்கிறவன் வீட்டுப் பைப் வேலை இப்படித்தான் இருக்கும். கழிப்பறைக்கு நாங்கள் ஊற்றுவது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது லிட்டர். துவைக்கிற அன்றைக்கு அதற்கு மேல் 150 லிட்டர் உள்ளே போயிருக்கிறது.

மண் அதைத் தாங்குமா என்று பார்க்க ஒரு சோதனை செய்தேன். குழிகளுக்குப் பத்தடி தள்ளி, முழங்கை ஆழத்துக்கு ஒரு ஓட்டை தோண்டி, முதல் நாள் இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றி மண்ணை நனைய விட்டேன். காய்ந்த மண் முதலில் மடமடவென்று குடிக்கும், அதை நம்பக் கூடாது. மறுநாள் காலை திரும்ப ஊற்றி, ஒரு குச்சியில் கோடு போட்டு, போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். ஒரு இஞ்ச் இறங்க 40 நிமிடம். மேலே இரண்டடிதான் கறுப்பு மண். அதற்குக் கீழே செங்களி. ஐம்பது லிட்டரை அது குடிக்கும். இருநூறைக் குடிக்காது. போதாததற்கு சோப்பும், கூழில் இருக்கிற கொழுப்பும், அதில் வளர்கிற நுண்ணுயிரும் சேர்ந்து உறைச் சந்துகளில் கறுப்பாக ஒரு வழவழப்பான பிசினைப் பூசிவிடும். அதற்குப் பிறகு களிமண் குடிப்பதும் நின்றுவிடும். குழிக்கு ஓய்வு கொடுப்பதில் பாதிப் பலன் இதற்குத்தான். ஈரம் வற்றிக் காற்றுப் பட்டால் அந்தப் பிசினையும் பூச்சி, புழு தின்று சந்தைத் திறந்துவிடும். எங்கள் குழி ஓய்வே எடுக்கவில்லை என்பது இதற்குப் பிறகுதான் தெரிந்தது.

சேம்பர் மூடியைத் திறந்து பார்த்தேன். பழைய குழியின் வாயை அரைச் செங்கல் வைத்து, சாக்குத் துணி திணித்து, களிமண் பூசி நான் அடைத்தது. சாக்கு மக்கிப் போயிருந்தது. குழிக்குள் மக்க வேண்டியது மக்கவில்லை, மக்கக் கூடாத சாக்கு மக்கிவிட்டது! ஒரு வாளி தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்துப் பேசினில் ஊற்றச் சொல்லிவிட்டு, சேம்பர் அருகில் குத்த வைத்துப் பார்த்தேன். மஞ்சள் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்காவது பழைய குழிப் பக்கம் போனது. சேம்பர் தரையும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதாவது 14 மாதமும் புதுசு கலந்துகொண்டே இருந்திருக்கிறது. இந்தக் கணக்கில் அந்தக் குழி மூடப்படவே இல்லை.

மழைத் தண்ணீர் வேறு. மேல் அடுக்கிலிருந்து வடிவது நேராகக் குழி மூடி மேல்தான் ஏறிப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது எவ்வளவு என்று நான் அளக்கவில்லை. மூடியைச் சுற்றிப் படிந்திருந்த வண்டலைப் பார்த்தாலே போதும்.

இதெல்லாம் கண்டுபிடித்த களிப்பில் ராத்திரி சாப்பிடும்போது விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "அதெல்லாம் சரிப்பா. ராத்திரி ஆட்டுன மாவு பொங்கவே நம்ம ஊர்ல ரெண்டு நாளாகுது. அடுப்புப் பக்கத்துல வச்சு, கம்பளி போத்துறோம். குழிக்குள்ள கெடக்கது மட்டும் கீழ உள்ளவன் கணக்குக்கு மக்கிருமா?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

மலம் மக்குவதும் மாவு புளிப்பதும் நுண்ணுயிர் செய்கிற வேலைதான். குழியில் வேலைக்காரர்கள் அதிகம், வேலையும் நீளம். மேற்பரப்பில் காற்றுப் படும் சில விரற்கடை ஆழத்துக்கு ஒரு கூட்டம் வேகமாக வேலை செய்யும். அதற்குக் கீழே காற்று இல்லை. அங்கே ஒரு கூட்டம் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் உடைத்துக் கரைக்கும். அடுத்த கூட்டம் கரைந்ததைப் புளிப்பு அமிலங்களாக மாற்றும். குழியின் நாற்றத்தில் பெரும்பகுதி இங்கேதான் வருகிறது. கடைசிக் கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனும் கரியமில வாயுவுமாக வெளியே விடும். மீத்தேனுக்கு மணமே கிடையாது. கடைசிக் கூட்டம் ஒழுங்காக வேலை செய்யும் குழி அவ்வளவாக நாறாது. ஆனால் குளிருக்கு முதலில் படுத்துக்கொள்வதும் அந்தக் கடைசிக் கூட்டம்தான். சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கும் மலைக்காரர்களுக்கு இது தெரியும், மார்கழியில் அடுப்பு எரியாது. முன்னால் இருப்பவன் அமிலம் செய்துகொண்டே இருக்க, பின்னால் இருப்பவன் தூங்கினால் சரக்கு தேங்கும். நான் மூடியை நெம்பியபோது வந்தது அந்தத் தேங்கிய சரக்கின் நாற்றம்.

கொடைக்கானலில் கோடையில்கூடப் பகல் வெப்பம் 20 டிகிரியைச் சுற்றித்தான். குழிக்குள் எவ்வளவு? மகளின் உதவியோடு அளந்தேன். ஒரு பழைய முக்கால் இஞ்ச் குழாயைக் குழிக்குள் மூன்றடிக்குச் செருகி, மேல் வாயை மூடியின் ஓரமாக வெளியே விட்டேன். தெர்மாமீட்டரைக் கயிறு கட்டி இறக்கினால், மேலே தூக்குவதற்குள் அளவு மாறிவிடும். அதனால் விரல் தடிமன் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் தெர்மாமீட்டரை நிறுத்தி, ஒரு ராத்திரி உள்ளேயே விட்டு, காலையில் தூக்கிய கையோடு பார்ப்போம். குப்பித் தண்ணீர் உள்ளே இருந்த சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். மே மாதம் 17. அடுத்த ஜனவரியில் 14. ஆண்டு முழுக்க மகள் நோட்டில் குறித்த அளவுகள் எல்லாம் இந்த மூன்று டிகிரிக்குள்தான் ஊசலாடின. மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் தங்கை வீட்டுக் குழியிலும் போன இடத்தில் அளந்தேன், மச்சான் சிரித்தார். அங்கே 28.

பத்து டிகிரி குறைந்தால் நுண்ணுயிர் வேலை ஏறக்குறையப் பாதியாகும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. வத்தலக்குண்டுக்கும் எங்களுக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி வித்தியாசம். அங்கே ஒரு வருடம் என்றால் இங்கே இரண்டரை வருடம். கைக்கணக்குதான், ஆனாலும் யோசிக்க வைத்தது. அப்புறம் தேடிப் படித்ததில், உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது. புதிது சேராமல் மூடி வைக்க வேண்டிய காலம், 20-லிருந்து 35 டிகிரி வரை உள்ள இடங்களில் ஒரு வருடத்துக்கு மேல். 2-லிருந்து 20 டிகிரி உள்ள இடங்களில் ஒன்றரையிலிருந்து இரண்டு வருடம். அதை எழுதியவர்கள் மலையை மறக்கவில்லை. எங்கள் கைக்கு வந்த கையேட்டில்தான் அந்த வரி விழுந்துபோயிருக்கிறது.

2017 பிப்ரவரியில் மத்தியக் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர், தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் கங்கதேவிபள்ளியில் இரட்டைக் குழி ஒன்றில் தானே இறங்கி மக்கிய எருவை அள்ளிக் காட்டினார். அந்தப் படத்தைப் பார்த்த தைரியத்தில்தான் நான் மூடியைத் திறந்தேன். வாரங்கல் வெயிலை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தக் கால அளவெல்லாம் நாற்றத்தை மட்டும் பார்த்துச் சொன்னதில்லை. நாற்றம் போவது ஒன்று, கிருமி சாவது வேறு. வயிற்றுப்போக்குக் கிருமிகள் சில மாதங்களில் போய்விடும். உருண்டைப் புழுவின் முட்டை அப்படியில்லை. அதன் தோடு கெட்டி. ஈரமும் குளிரும் இருந்தால் வருடக்கணக்கில் கிடக்கும். சூடும் வறட்சியும்தான் அதற்கு எமன், இரண்டும் எங்கள் ஊரில் குறைவு. அதனால் இரண்டு வருடத்துக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டரை என்று முடிவு செய்தேன்.

குழியைத் திறந்த அடுத்த மாதமே, 2021 ஜூனில், வேலையை ஆரம்பித்தேன். சோப்புத் தண்ணீர்க் குழாயை வெட்டி, பேரி மரத்துக்குக் கீழே சரளை நிரப்பிய ஒரு வாய்க்காலுக்குத் திருப்பினேன். அரை நாள் வேலை. மூன்று வருடம் முன்பே செய்திருக்கலாம்.

சேம்பர் தரையைக் கொத்தி, புதுச் சாந்து போட்டு, ஓடும் குழிப் பக்கம் வாட்டம் கொடுத்தேன். வாட்டத்தோடு ஒரு சின்ன வளைவான வாய்க்காலும் இழுத்துவிட்டால் எதுவும் மூலையில் தங்காது. அடைப்புக்குச் செங்கல், சாக்கு எதுவும் வேண்டாம் என்று குழாய் வாயை மூடுகிற நாலு இஞ்ச் எண்ட் கேப் ஒன்றை எடுத்தேன். கடை பூட்டியிருந்தாலும் என் வேலைப் பெட்டியில் கிடந்தது. பழைய குழிக்குப் போகும் குழாயின் வாயைச் சாந்தை உடைத்து இரண்டு விரல் வெளியே தெரியச் செய்து, கேப்பை அதன் மேல் போட்டேன். பசை தடவவில்லை, கிரீஸ் மட்டும். பசை போட்டால் அடுத்த முறை மாற்றும்போது குழாயையே அறுக்க வேண்டி வரும். திரும்ப மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகவில்லை. இதுவரை நான் செய்த பைப் வேலைகளிலேயே இதைத்தான் அதிக நேரம் குத்த வைத்து ரசித்தேன்.

மேட்டுப் பக்கம் குழிகளுக்கு நாலடி தள்ளிப் பிறை வடிவில் ஒரு வடிகால் வெட்டி, தண்ணீரை இரண்டு பக்கமும் ஒதுக்கினேன். குழி விளிம்பின் மேல் இரண்டு வரிசை செங்கல் ஏற்றி, மூடியைத் தூக்கி வைத்து, சுற்றிலும் மண் அணைத்து மிதித்தேன். மூடி ஓரத்தில் கொசுவும் ஈயும் நுழையாமல் களிமண் பூச்சு. கழிப்பறையில் பினாயில், ஆசிட் ஊற்றக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டேன். வெறும் பிரஷ், தண்ணீர். மனைவி மாதம் ஒரு முறை எனக்குத் தெரியாமல் கொஞ்சம் ஊற்றுகிறாள் என்று நினைக்கிறேன். கேட்டுக்கொள்ளவில்லை.

அப்போது ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். நாட்டுச் சர்க்கரையும் ஈஸ்ட்டும், சாணக் கரைசல், கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி. பொடி இரண்டு பொட்டலம் நானும் 2019-ல் போட்டிருக்கிறேன். காசுதான் மக்கியது. மலத்தின் உலர்ந்த எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நுண்ணுயிர்கள்தான். கோடி கோடியாக வேலைக்காரர்கள் இருக்கும் இடத்தில் ஒரு பொட்டலம் ஆள் அனுப்பி என்ன ஆகும்? தென்னாப்பிரிக்காவில் குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட பொடிகளை ஆய்வகத்திலும் நிஜக் குழிகளிலும் போட்டுப் பார்த்து, போட்ட குழிக்கும் போடாத குழிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றுதான் எழுதினார்கள். குளிருகிற வேலைக்காரனுக்குக் கம்பளி கொடுக்கலாம். இன்னொரு வேலைக்காரனைக் கொண்டுவந்து நிறுத்துவதில் என்ன பயன்?

எங்கள் அடுக்குக்குக் கீழே சுமார் எண்பது அடியில் ஓர் ஊற்று இருக்கிறது. மூன்று வீடு அதில் குடிக்கிறோம். கிருமிகளை மண் வடிகட்டிவிடும், ஊற்றுக்கும் குழிக்கும் முப்பது அடியாவது வேண்டும் என்பது அதற்குத்தான். சிறுநீரிலிருந்து வருகிற நைட்ரேட் வேறு ஜாதி. தண்ணீரோடு தண்ணீராக மண்ணில் தூரம் போகும், காய்ச்சினாலும் போகாது. ஊற்றுத் தண்ணீரைக் கொடைக்கானலில் கொடுத்துப் பார்த்ததில் வரம்புக்குள் இருந்தது. வருடம் ஒரு முறை பார்ப்பதாக இருக்கிறேன்.

2022 ஆகஸ்டில், அதாவது சரியாக மூடி 14 மாதத்தில், திரும்ப ஒரு முறை கம்பு விட்டுப் பார்த்தேன். மட்டம் ஏறக்குறைய ஓர் அடி இறங்கியிருந்தது. மேல் ஓர் அடி பொலபொலவென்று, வெடிப்பு விட்டு, காப்பித் தூள் நிறத்தில். வெடிப்பு வழியாகக் காற்று இறங்க இறங்கத்தான் மக்குவதும் இறங்குகிறது. அதற்குக் கீழே கம்பு இன்னும் கறுப்பாகத்தான் வந்தது. நாற்றமும் இருந்தது. முன்பு அடித்த அந்தப் புளித்த நாற்றம் இல்லை, சேற்று வயல் வாடை. கையேட்டை நம்பியிருந்தால் அன்றைக்கு அள்ளியிருப்பேன். மூடிவிட்டேன்.

கடைசியில் 2024 மாசி மாதம், மழை நின்று மண் காய்ந்த சமயம் பார்த்து நாள் வைத்தேன். மூடி 32 மாதம்.

அள்ளுவது யார் என்ற பேச்சு அதற்கு முந்தின வாரமே வந்துவிட்டது. "ஆள் இருக்குல்ல, கூப்பிட்டு விட்ரலாம். காசைக் குடுத்தா முடிஞ்சது" என்றார் டீக்கடையில் ஒருவர். எந்த ஆள், எந்தத் தெரு என்று சொல்லத் தேவையே இல்லை, எல்லோருக்கும் புரிந்தது. மனித மலத்தைக் கையால் அள்ள ஆள் வைப்பது 2013 சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், நாலு பேர் வீட்டுக் குழி, அதில் நான் ஒருவன். "நானே அள்ளிக்கிறேன்" என்றேன். கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வீட்டில் அம்மா பேசினாள். அள்ளினால் அடுப்படிக்குள் வரக் கூடாது என்றாள். சரி என்றேன்.

முதல் நாள் மூடியை முழுதாக எடுத்து, சுற்றி முள் வைத்து, ஒரு பகல் ஓர் இரவு திறந்தே விட்டேன். குழி வாயு ஆளைக் கொல்லும். அழுகிய முட்டை நாற்றம் தருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடினால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்குகிறவன் திரும்ப மாட்டான். மெழுகுவத்தி கொளுத்திப் பார் என்று மாமா சொன்னார். மீத்தேன் இருந்தால் அது பற்றும், விஷ வாயு இருந்தால் மெழுகுவத்தி சொல்லாது. இரண்டும் வேண்டாம் என்று உள்ளே இறங்காமலே அள்ளினேன். நாலடிக் குழிதான். நீளக் கம்பு போட்ட மண்வெட்டி ஒன்று, கயிறு கட்டிய வாளி ஒன்று. ரப்பர் பூட்ஸ், கையுறை, மூக்கில் துணி.

முதல் சட்டி வெளியே வந்ததும் மகள்தான் முதலில் கிட்டே வந்தாள். மேலே இருந்தது அச்சு அசலாக சோலைக்காட்டு மண். கையுறையோடு பிடித்து அமுக்கினேன், உதிர்ந்தது. மழை பெய்து ஓய்ந்த காட்டு வாசனை என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மையில் வாசனையே இல்லை. மாமா மேல் அடுக்கிலிருந்து இரண்டு அடுக்கு இறங்கி வந்து நின்றார். முண்டாசு தலையிலேயே இருந்தது.

மக்காதது நிறைய. ஷாம்பு பாக்கெட்டுகள் ஒரு குத்து, எழுத்து அழியாமல். முடிக் கற்றைகள். ஒரு பல் துலக்கும் பிரஷ். சானிட்டரி நாப்கினின் பிளாஸ்டிக் உறை, உள்ளே பஞ்சு போய்விட்டது. மிளகாய்த் தோல், தக்காளி விதை. கறுத்துப்போன ஒரு இரண்டு ரூபாய். முடியும் பிளாஸ்டிக்கும் கழிப்பறையில் போடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. சட்டியில் காட்டியதும் வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மட்டம் மேலிருந்து ஒன்றரை அடி இறங்கியிருந்தது. எடுத்தது நாற்பது சட்டி சொச்சம், ஏறக்குறைய 500 லிட்டர். கடைசி அரை அடி மட்டும் இன்னும் கறுப்பாக, ஈரமாக, லேசான வாடையோடு. 32 மாதத்துக்குப் பிறகும். அடிப் பக்கம் களி, தண்ணீர் மெதுவாகத்தான் போயிருக்கிறது. இதை மேலே உள்ளதோடு கலக்கவில்லை.

"கேரட்டுக்குப் போடு, காய் கிண்ணுன்னு வரும்" என்றார் மாமா. ஆட்டுப் புழுக்கை விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் ரோட்டோரத்தில் டூரிஸ்ட்காரர்கள் கேரட்டைத் தழையோடு வாங்கி, சட்டையில் துடைத்து, அப்படியே கடித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகும் ஒன்றிரண்டு புழு முட்டை உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு. மண்ணுக்குள் விளைவது, பச்சையாகத் தின்பது இரண்டுக்கும் இது கூடாது. பேரி மரம் ஆறு, பிளம்ஸ் மூன்று. ஒவ்வொன்றுக்கும் தூரிலிருந்து நாலடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் வட்டமாகக் காடி வெட்டி, எருவைப் போட்டு, முழங்கால் உயரத்துக்கு மண் மூடினேன். அடிக் கறுப்பு ஈரத்துக்குத் தனியாக, மரத்தைவிட்டுத் தள்ளி ஒரு ஆழக் குழி வெட்டிப் புதைத்தேன். மண்வெட்டி, வாளி, பூட்ஸ் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில். எங்கள் ஊர் வெயில் எவ்வளவோ அவ்வளவு.

சாயங்காலம் வெந்நீரில் குளித்துவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்தேன். அம்மா தட்டை வெளியே கொண்டுவந்து வைத்தாள். இரண்டு இட்லி வைத்த பிறகு, "பனி எறங்குது, உள்ள வந்து சாப்பிடு" என்றாள்.

மறுநாள் சேம்பரைத் திறந்து கேப்பை மாற்றினேன். கிரீஸ் போட்ட புண்ணியம், ஒரு திருகலில் வந்துவிட்டது. இரண்டாவது குழி நாலு வருடம் ஓடியும் முக்கால்தான் நிறைந்திருந்தது. சோப்புத் தண்ணீர் போகாததன் வித்தியாசம். காலியான முதல் குழியின் உறைச் சந்துகளைக் கம்பி விட்டு நோண்டிப் பார்த்தேன், மேல் மூன்றிலும் பிசின் காய்ந்து உரிந்து கிடந்தது. இனி ஓய்வு இரண்டாவது குழிக்கு. அதன் மூடியில் மகள் பெயிண்டால் "மாசி 2024" என்று எழுதி, கீழே "ஆவணி 2026 வரை திறக்காதே" என்றும் எழுதினாள். திறக்காதே என்பதற்கு அடியில் இரண்டு கோடு.

போன வாரம் மாமா வந்து அவர் வீட்டுச் சேம்பரையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொன்னார். மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் சரிபாதியாகப் போகிறது. எண்ட் கேப் வாங்கி வைத்திருக்கிறேன். பூண்டு எடுத்து முடியட்டும் என்கிறார்.